அங்கே கள்ளத்தோணி, இங்கே சட்டவிரோதக் குடியேறி

இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டுப் பங்கு பிரித்த மக்களில் ஒரு பகுதியினர் இன்னும் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லர். அவர்கள் நம் பக்கத்து ஊர் முகாம்களில்தான் வாழ்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஏதாவது ஒன்றுக்குப் போய், மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்திடம் குடியுரிமையைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போவார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பாலித்தீன் பை வெளியே வரும். பைக்குள் இன்னொரு பை. அதற்குள் மடிப்பெல்லாம் நைந்துபோன காகிதங்கள். ஒரு வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்திருந்ததற்கான சீட்டு. இன்னொரு வீட்டில் தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததற்கான கடிதம். வேறொரு வீட்டில் குடும்பமே சேர்ந்து நின்று எடுத்த படம் ஒட்டிய அட்டை. எல்லா வீட்டிலும், அகதியாக வந்திறங்கியபோது அரசு அதிகாரிகள் போட்ட பதிவு.

இத்தனை காகிதங்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களைத்தான் நம் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது.

இந்தப் பழி அவர்களுக்குப் புதிதல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் அவர்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்: யாரும் கூப்பிடாமல் வந்தவன், அனுமதியின்றி நுழைந்தவன். ஆனால் நடந்தது என்ன? அவர்களை இலங்கைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தது பிரிட்டிஷ் ஆட்சி. தலையெண்ணிப் பங்கு பிரித்தவை இந்திய, இலங்கை அரசுகள். கப்பலேற்றியதும் அரசு, பாதியில் கப்பலை நிறுத்தியதும் அரசு. கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பெயரெழுதிக்கொண்டதும் அரசுதான்.

தமிழ்நாட்டின் முகாம்களில் சுமார் 58,000 இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 29,500 பேர் இந்திய வம்சாவளியினர், அதாவது மலையகத் தமிழர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்கள் எப்படி நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், நாம் அவர்களுக்கு எதைத் தர வேண்டியிருக்கிறது என்பதும் புரியும்.

மாத்தளை வரை நடந்தவர்கள்

இலங்கையின் மலைகளில் காப்பித் தோட்டம் போடத் துரைமார்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1820-களில் தொடங்கி தென்தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஆளைத் துரத்திய காலம் அது. ராமேசுவரம் பக்கம் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகப் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்த வழியில் செத்து விழுந்தவர்கள் ஏராளம். 2023-இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தது இந்த மூதாதையருக்கான அஞ்சலிதான்.

1869-க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை மலைகளையெல்லாம் மூடியது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். வந்துபோன கூலிகள் லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் தங்கிக் குடும்பமானார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே கொழுந்துக்கூடை தூக்கினார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை அடைத்துவைத்து நோய் பரிசோதிக்கும் முகாம் ஒன்று இருந்தது. மருத்துவர் பார்த்து, பெயர் பதிந்து, தடுப்பு மருந்து கொடுத்து அனுப்புவார்கள். இந்த மண்டபம் முகாமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கதையில் மறுபடியும் வரும்.

ஒரே கையெழுத்தில் போன நாடு

1931-இல் இலங்கையில் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற ஏற்பாடு வந்தபோது தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரும் வாக்காளர்கள் ஆனார்கள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1936-இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்திலிருந்து உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றார்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகையில் 11 விழுக்காட்டுக்கும் மேல் இந்த மக்கள். அவர்கள் வாக்கு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது.

அது புதிய ஆட்சியாளர்களின் கண்ணை உறுத்தியது. 1948 பிப்ரவரி 4-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நவம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. படிப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி மாதிரித் தெரியும். கண்டிச் சிங்கள விவசாயியிடமும் தகப்பனின் பிறப்புச் சான்று இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. லயத்தில் பிறந்த தமிழனிடம் மட்டும் கேட்டார்கள். பிறந்தது பதியப்படாத தகப்பனுக்கும் பாட்டனுக்கும் அவன் எங்கே போய்ச் சான்று வாங்குவான்?

7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10-இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை உண்டு என்கிறது அதன் 15-ஆவது பிரிவு.

அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வாக்கில்லை. 1952 தேர்தலுக்குள் மலையகத்தின் வாக்காளர் பட்டியல் துடைத்தெடுக்கப்பட்டது. அந்த ஆண்டு தொண்டமான் தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் மறுக்கப்பட்டதை எதிர்த்து ஒருவர் தொடுத்த வழக்கு, அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953-இல் பிரிவி கவுன்சிலும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. மலையகத் தமிழர் ஒருவர் மக்கள் வாக்கால் நாடாளுமன்றத்துக்குள் மறுபடி நுழைய 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வடக்கின் தமிழ்த் தலைவர்களும் இந்த விஷயத்தில் பிளவுபட்டார்கள். ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தமிழனுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்பது அவர் எச்சரிக்கை. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அந்த எச்சரிக்கை பலித்தது.

ஒரு விண்ணப்பத்தின் விதி

வெளியே தள்ளிய பிறகு, உள்ளே வர ஒரு சின்னச் சந்து வைத்தார்கள். அது 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். அதன் நிபந்தனைகளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொடுமை அந்த நுணுக்கத்தில்தான் இருந்தது.

விண்ணப்பிப்பவர் 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். மணமானவர் என்றால் 7 ஆண்டு. மணமாகாதவர், மனைவியை இழந்தவர் என்றால் 10 ஆண்டு. மனைவியும் சிறு பிள்ளைகளும் உடன் வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். வருமானத்துக்கு வழி உண்டு என்று காட்ட வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு ஆண்டுகளுக்குள் செய்து முடிக்க வேண்டும்.

இப்போது ஒரு லயத்தை மனதில் கொண்டுவாருங்கள். பத்தடிக்குப் பத்தடி காம்பரா, முன்னால் ஒரு ஒட்டுத் திண்ணை, கூரைத் தகரத்தில் மழை. ஆண்டு முழுவதும் அடுப்புப் புகை. அந்த அறையில் ஒரு காகிதம் பத்து வருடம் எப்படிப் பிழைத்திருக்கும்? எழுத்துத் தெரியாதவர்கள் எதற்காக அதைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? ஆள் தோட்டத்தில் இருந்ததற்கான சாட்சி துரை வைத்திருந்த செக்ரோல் என்ற வேலைப் பதிவுப் புத்தகத்தில்தான் இருந்தது. அது தொழிலாளியின் கையில் இல்லை.

ஊரில் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று திருச்சிப் பக்கம் போன பெண், திரும்பிவர ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அவள் வாழ்வில் 'தொடர்ச்சி' அறுந்துவிடும். பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும் குலசாமிக்கு முடியிறக்கப் போவதும் சந்தேகத்துக்குரிய செயல்கள் ஆயின. ஊருக்குப் பணம் அனுப்பியிருந்தால், நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லாதவன் என்று எழுதிவைக்கலாம்.

ஆனாலும் மக்கள் முண்டியடித்து விண்ணப்பித்தார்கள். சுமார் 8,25,000 பேருக்காக 2,37,000 விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. இந்த ஒரு எண் போதும், இவர்கள் எந்த நாட்டைத் தங்கள் நாடாக நினைத்தார்கள் என்று சொல்ல. பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த விசாரணைகளுக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். அவர்கள் 'பதிவுப் பிரஜைகள்' எனப்பட்டார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தது நிராகரிப்புக் கடிதம்.

அந்த ஆண்டுகள் முழுவதும் இலங்கையின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கைச் சம்பாதித்துக் கொடுத்தது தேயிலை. அதைப் பறித்த கைகளுக்கு நாடு இல்லை.

7 பேர் இங்கே, 4 பேர் அங்கே

நேரு இருந்தவரை இந்தியாவின் நிலை தெளிவாக இருந்தது. இவர்கள் இலங்கையில் தலைமுறைகளாக வாழ்பவர்கள், இலங்கைதான் இவர்களை ஏற்க வேண்டும் என்றார். 1954-இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையுடன் ஒப்பந்தம் போட்டும் தீர்வு வரவில்லை. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அக்டோபர் 30-இல் டெல்லியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

9,75,000 நாடற்றவர்கள் என்று கணக்கு. இந்தியா 5,25,000 பேரை எடுத்துக்கொள்ளும். இலங்கை 3,00,000 பேருக்குக் குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 7 பேர் இந்தியாவுக்குப் போனால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 15 ஆண்டுகளில் வேலை முடிய வேண்டும். 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆக இந்தியாவின் பங்கு 6,00,000. இலங்கையின் பங்கு 3,75,000.

எந்தக் குடும்பம் எங்கே போக விரும்புகிறது என்று கேட்டுப் போட்ட கணக்கல்ல இது. எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு மனிதர்களைத் தேடினார்கள். விண்ணப்பம் வாங்கியபோது இந்தியாவுக்குப் போக முன்வந்தவர்களின் எண்ணிக்கை 5,25,000-ஐ எட்டவில்லை. 1970-களின் பஞ்சமும், தோட்டங்கள் அரசுடைமையானபோது நடந்த விரட்டல்களும், 1977 கலவரமும்தான் பலரைக் கப்பலேற வைத்தன.

அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருப்பான். தம்பி இலங்கைக்கு. மகள் வாழ்க்கைப்பட்ட வீடு இங்கே, பெற்றவர்களுக்கு வந்த பாஸ்போர்ட் அங்கே. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ரயில் நிலையங்களில் ஏறுபவர்களும் வழியனுப்புபவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப்போன அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

கடல் தாண்டி ராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குத்தான் வந்தார்கள். பாட்டன் கூலியாகப் பெயர் பதிந்து போன அதே இடத்தில் பேரன் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் பதிந்துகொண்டான். அங்கிருந்து நீலகிரி, வால்பாறைப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பலரை அனுப்பினார்கள். டேன்டீ என்று நாம் அறிந்த தேயிலைத் தோட்டக் கழகம் இவர்களுக்கு வேலை கொடுக்கவே தொடங்கப்பட்டது. கேரளத்தின் புனலூருக்கும் கர்நாடகத்தின் சுள்ளியாவுக்கும் ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. இலங்கையில் 'இந்தியாக்காரன்' என்று ஏசப்பட்டவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் 'சிலோன்காரர்கள்' ஆனார்கள்.

1984-இல் போர்ச் சூழலால் தலைமன்னார், ராமேசுவரம் கப்பல் நின்றது. அதுவரை சுமார் 3,37,000 பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பலேற முடியாமல் சுமார் 84,000 பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அங்கே முடிந்தது

இலங்கை தன் பக்கத்தைத் தாமதமாகத்தான் சரிசெய்தது. 1985-இல் இலங்கை அரசுடன் நடந்த திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழ்த் தரப்பு முன்வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று, தீவைத் தாயகமாகக் கொண்ட எல்லாத் தமிழர்களுக்கும் குடியுரிமை என்பது. 1986 ஜனவரியில் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தியது. தோட்டங்களில் வேலை நின்றது. அந்த ஆண்டே சட்டம் வந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் மிச்சமிருந்த 94,000 பேரையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. 1988-இல் இன்னொரு சட்டம்.

2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்கான குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்பவர்களும் அவர்கள் வாரிசுகளும் ஒரு உறுதிமொழி கொடுத்தால் குடிமக்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தோட்டந்தோறும் முகாம் போட்டார்கள். சுமார் 10 நாட்களில் 1,90,000 பேருக்குக் குடியுரிமைச் சான்று கிடைத்தது.

பத்தே நாட்கள். 55 ஆண்டுகளாக முடியாது என்று சொன்னதை, மனம் வைத்தபோது பத்து நாட்களில் முடித்தார்கள். இதை இந்தியா பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மலையகத்தின் துயரம் அதோடு தீர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை. இன்றும் காணியில்லாமல் லயங்களில் வாழ்பவர்கள் அநேகம். நாட்கூலிக்கான போராட்டம் ஓயவில்லை. ஆனால் அவர்கள் இன்று குடிமக்களாக நின்று போராடுகிறார்கள், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கணக்குக் கேட்கிறார்கள். இங்கே முகாமில் இருப்பவர்களுக்கு அந்த இடமும் இல்லை.

இங்கே முடியவில்லை

1977, 1981, 1983 கலவரங்கள் மலையகத் தமிழர்களையும் தாக்கின. தப்பியவர்களில் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு திருத்திக் குடியேறினார்கள். காந்தீயம் அமைப்பின் டாக்டர் இராஜசுந்தரமும் எஸ். ஏ. டேவிட்டும் அவர்களுக்கு நிலமும் கூரையும் தேடிக் கொடுத்தார்கள். இராணுவம் அங்கேயும் வந்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மக்கள் மன்னார்க் கரைக்கு ஓடிப் படகேறினார்கள். குண்டு விழும்போது யார் விசா வாங்கிக்கொண்டு படகேறுவார்கள்?

அவர்களும் வந்து பதிந்தது மண்டபம் முகாமில்தான். அங்கிருந்து தமிழ்நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கியூ பிராஞ்ச் போலீசும் வருவாய்த் துறையும் வைத்திருக்கும் பதிவேடுகளில் ஒவ்வொரு தலையும் இருக்கிறது. அரசு தரும் பணக்கொடையை வாங்கும் நாளில் 'செக்கிங்' உண்டு. ஆள் நேரில் நிற்க வேண்டும். ஒளிந்து வாழ்பவனைத்தானே சட்டவிரோதக் குடியேறி என்போம்? இந்தியாவிலேயே அரசு இவ்வளவு துல்லியமாக எண்ணி வைத்திருக்கும் மக்கள் வேறு யாராவது உண்டா?

சட்டம் எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டு இங்கே வாழ்ந்தால் பதிவு மூலம் குடிமகனாகலாம் என்கிறது. மலையகத் தமிழர்களுக்கென்றே எழுதியது போன்ற பிரிவு. ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி'க்கு இந்த வழி மூடப்பட்டிருக்கிறது. முறையான பயணப் பத்திரம் இல்லாமல் வந்தவர்கள் எல்லோரும் அந்த வரையறைக்குள் அடைபடுகிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டு இங்கே வாழ்ந்தவருக்கும் இதே கதிதான்.

பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். ஒரே முகாமில், ஒரே தாய்க்குப் பிறந்த மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். மூத்தவள் 1986-இல் பிறந்தாள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்ததால் சட்டப்படி அவள் இந்தியக் குடிமகள். இரண்டாவது மகன் 1990-இல் பிறந்தான். தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது, அவன் குடிமகன் இல்லை. கடைசி மகள் 2006-இல் பிறந்தாள். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது, அவளும் இல்லை. இனி, மூத்தவள் அதே முகாமில் அகதியாக வந்த ஒருவரை மணந்து ஒரு பிள்ளை பெற்றால்? தாய் இந்தியக் குடிமகள். தகப்பன் சட்டவிரோதக் குடியேறி. பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. நான்காவது தலைமுறையும் நாடற்றதாகவே பிறக்கிறது.

முகாமில் பிறந்து 1987-க்கு முந்தைய பிரிவில் வந்த ஒரு பெண் கடவுச்சீட்டு கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. 2022-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். சட்டப்படி ஏற்கெனவே குடிமகளான ஒருவருக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், மற்றவர்கள் யாரிடம் போவார்கள்?

2019 ஜூன் 17-இல் அதே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். முகாம்களில் வாழும் 65 மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கு அது. அவர்களிடம் புதிதாக விண்ணப்பம் வாங்கி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆண்டுகள் உருண்டுவிட்டன. முகாம்வாசிகள் இன்னும் முகாம்வாசிகளாகவே இருக்கிறார்கள்.

2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு மதத்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விடுவித்தது. அந்த மதங்களில் இந்து மதமும் கிறித்தவமும் உண்டு. நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஒப்பந்தம் போட்டு இந்தியா பொறுப்பேற்றுக்கொண்ட மக்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சிறிய வெளிச்சம் தெரிந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. இனி அவர்கள்மேல் வழக்கு வராது. ஆனால் குடியுரிமையும் வராது.

தமிழ்நாடு அரசு தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தது. பணக்கொடையை உயர்த்தியது. நல்ல வீடு கிடைத்த குடும்பங்களின் முகத்தில் அந்த நிம்மதி தெரிகிறது. ஆனால் அந்த வீட்டில் படித்துப் பொறியாளரான பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மாநில அரசால் முடியாது. அரசுத் தேர்வு எழுதவும் அவனுக்கு வழியில்லை. குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது

இது பெரிய அரசியல் துணிச்சல் தேவைப்படும் காரியமல்ல. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் 29,500 பேர் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அளவுதான்.

முதலாவது, முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் பட்டியலை மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து இறுதி செய்ய வேண்டும். ஆவணம் தொலைந்தவர்களுக்கு முகாம் பதிவேட்டையும் தோட்டத்துப் பிறப்பிடத்தையும் சான்றாக ஏற்க வேண்டும். 1949-இல் கொழும்பு செய்த தவறை, காகிதம் கேட்டே ஆளைக் கழிக்கும் தவறை, டெல்லி செய்யக் கூடாது.

இரண்டாவது, 1987 ஜூலை 1-க்கு முன் முகாமில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் நீதிமன்றத்துக்கு அலையவிடாமல் கடவுச்சீட்டும் வாக்காளர் அட்டையும் தர வேண்டும். அது சலுகையல்ல, இருக்கும் சட்டம்.

மூன்றாவது, 2019 திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளுக்கு எழுதிய விலக்கில் இலங்கையையும் சேர்க்க வேண்டும். அது சேர்ந்தால் 5-ஆவது பிரிவின் கதவு தானாகத் திறக்கும்.

நான்காவது, இலங்கைக்குத் திரும்ப விரும்புபவர்களுக்கு அந்நாட்டுக் குடியுரிமையோடும் நிலத்தோடும் திரும்ப வழி செய்ய வேண்டும். இந்த மக்களிடம் 1948-லும் 1964-லும் யாரும் விருப்பத்தைக் கேட்கவில்லை. இந்த முறையாவது கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியானாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேச முடியும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகாம் இருக்கும். வாக்குக் கேட்டு வருபவரிடம், வாக்கில்லாத அந்த மக்களுக்காக நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்.

1964-இல் போட்ட ஒப்பந்தம் 15 ஆண்டுகளில் முடித்துத் தருவதாகச் சொன்னது. 60 ஆண்டுகள் கடந்துவிட்டன. இலங்கை தன் பங்கைத் தீர்த்துவிட்டது. இந்தியாவின் பங்கில் இன்னும் பாக்கி இருக்கிறது.